பள்ளியில் போதைப் பரிசோதனை: சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி:

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சில வாரங்களுக்கு முன் அவன் பள்ளியின் கழிப்பறையில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. மேல் வகுப்பு மாணவர்கள் இருவர் பிடிபட்டதாகவும் பேச்சு அடிபட்டது. அதைத் தொடர்ந்து, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யப்போவதாக நிர்வாகம் அறிவித்து, பெற்றோருக்குச் சம்மதக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கருத்துக் கேட்கப்போகிறார்கள். “தப்புச் செய்யாத பிள்ளை எதற்குப் பயப்பட வேண்டும்?” என்று என் கணவர் உட்படப் பலர் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நான் கையெழுத்திடலாமா? அல்லது கடையில் கிடைக்கும் கிட்டை வாங்கி வீட்டிலேயே மகனைச் சோதித்துப் பார்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போதைப் பழக்கத்தில் சிக்கிய வளரிளம் பருவத்தினருக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவன் என்ற முறையில், நீங்கள் குறிப்பிடும் சிறுநீர்ப் பரிசோதனையை நான் அன்றாடம் பயன்படுத்துகிறேன். எனவே நான் அந்தப் பரிசோதனைக்கு எதிரி அல்லன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயினும் உங்கள் பள்ளி முன்வைத்திருக்கும் வடிவத்தில், அதாவது எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்துப் பள்ளியே சோதிக்கும் வடிவத்தில், நீங்கள் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆனால் “வேண்டாம்” என்று சொல்வதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கழிப்பறையில் கிடந்த மாத்திரை அட்டைகள் உண்மை, அவற்றைக் கண்டு நிர்வாகம் பதறியதும் நியாயமே.

பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிகளில் பயன்படுத்தப்படுவது பெரும்பாலும் எதிர்ப்பொருள் பூசிய ஸ்ட்ரிப், அதாவது சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை. ஒரு குறிப்பிட்ட பொருளோ அதன் சிதைவுப் பொருளோ குறித்த அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் அது பாசிட்டிவ் காட்டும். எப்போது உட்கொண்டார், எத்தனை முறை, அடிமையாகிவிட்டாரா, ஒருமுறை தொட்டுப் பார்த்தவரா என்பதில் ஒன்றைக்கூட அது சொல்லாது. கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் அதன் தடயம் ஒரு மாதம்வரைகூட நீடிக்கலாம். ஒரே ஒருமுறை புகைத்தவரிடம் மூன்று நாள் அளவில் மறைந்துவிடும். கொக்கெய்னும் ஆம்ஃபெடமைன் வகைகளும் இரண்டு முதல் நான்கு நாள்களில் போய்விடும். மதுவோ சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதன் சிதைவுப் பொருளைத் தனியாகத் தேடினால் மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று நாள் பிடிபடும். வெள்ளிக்கிழமை மாலை குடித்த மாணவன் திங்கட்கிழமைக் குலுக்கலில் வழக்கமான ஸ்ட்ரிப்பைத் தாண்டிவிடுவான். விடுமுறையில் பல நாள் கஞ்சா புகைத்துவிட்டு, அதை விட்டும்விட்ட மாணவன் மாட்டிக்கொள்வான். இந்த வேறுபாடு மாணவர்களுக்கு நம்மைவிட விரைவில் தெரிந்துவிடுகிறது என்பதையும், பிடிபடாத பொருளை நோக்கி அவர்களில் சிலர் நகரக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிடிபடாத பொருள்கள் எவை என்று பார்த்தால் கவலை இன்னும் கூடுகிறது. பசை, தின்னர், ஒயிட்னர் போன்றவற்றை முகர்வது இளம் வயதினரிடையே காணப்படும் பழக்கம். முதல் முறையிலேயே இதயத் துடிப்பை நிறுத்தி உயிரைப் பறிக்கவும் வல்லது. ஆனால் வழக்கமான ஸ்ட்ரிப்பில் அது தெரியாது. செயற்கைக் கஞ்சா என்று விற்கப்படும் வேதிப்பொருள்களும் அப்படித்தான். உங்கள் பள்ளியில் கிடந்தவை மாத்திரை அட்டைகள் என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: ஓபியம் வகைக்கான சாதாரண ஸ்ட்ரிப் மார்ஃபினைத் தேடுவதற்காக வடிவமைக்கப்பட்டது; டிரமடால், டாபெண்டடால், ஃபென்டனில் போன்ற செயற்கை வலிநிவாரணிகளை அது பொதுவாகக் காட்டாது, அவற்றுக்குத் தனித்தனிப் பரிசோதனை தேவை. ஆகவே கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கழிப்பறையில் கிடந்த மாத்திரை எது, நீங்கள் வாங்கப்போகும் கிட் அதைக் கண்டறியுமா?” என்பதுதான். பதில் கிடைக்காவிட்டால், இந்த ஏற்பாடு எந்தச் சம்பவத்தால் தொடங்கியதோ அந்தச் சம்பவத்துக்கே உதவாது என்று பொருள்.

உங்கள் கணவர் கேட்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். தவறு செய்யாத பிள்ளை பயப்படக் காரணம் இருக்கிறது. சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெடமைன் ஸ்ட்ரிப்பைத் தவறாகப் பாசிட்டிவ் காட்டச் செய்யலாம். கசகசா சேர்ந்த உணவு ஓபியம் வகைக்குப் பாசிட்டிவ் தரக்கூடும். இதனால் எழுந்த சிக்கல்களைக் குறைக்கவே, அமெரிக்க அரசு தன் பணியிடப் பரிசோதனைகளில் அந்த வகைக்கான வரம்பை 1998இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. ஸ்ட்ரிப் முடிவை, வேதிப்பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் கருவியில் (வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் இணைந்தது) ஆய்வகம் உறுதிசெய்தால் இந்தத் தவறுகளில் பெரும்பகுதி நீங்கும். ஆனால் அதற்குச் செலவும் நாளும் ஆகும்; அதுவரை அந்தப் பிள்ளையின் பெயர் வகுப்பில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் உங்கள் கணவருக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். ஆயிரம் மாணவர்களில் இருபது பேர் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள் என்றும், ஸ்ட்ரிப் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இருபதில் பத்தொன்பது பேர் பிடிபடுவார்கள். மீதமுள்ள 980 பேரில் ஐந்து சதவீதம், அதாவது 49 பேர், ஒன்றும் செய்யாமலே பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தம் 68 பாசிட்டிவ் முடிவுகளில் 49 தவறானவை. சிகிச்சை மையத்தில் இதே ஸ்ட்ரிப் எனக்குப் பயன்படுவதற்குக் காரணம், அங்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயன்படுத்துபவர்களாகவே இருப்பதுதான். பயன்பாடு எந்த அளவுக்கு அரிதோ அந்த அளவுக்குத் தவறான முடிவுகளின் பங்கு ஏறும். அறிகுறியற்ற பிள்ளைகளின் கூட்டத்தில் குலுக்கல் போடுவது இந்தத் தவற்றை வலிந்து வரவழைப்பதாகும். (கிட் விற்க வருபவர்கள் “95 சதவீதத் துல்லியம்” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள்.)

சரியான பாசிட்டிவ் முடிவும் சங்கடம் தரலாம். வலிப்பு நோய்க்கு ஃபினோபார்பிடோனோ குளோனசெபாமோ எடுக்கும் மாணவி, கவனக்குறைவுக் கோளாற்றுக்கு ஆம்ஃபெடமைன் வகை மருந்து எடுக்கும் மாணவன் ஆகியோர் தங்கள் நோயைப் பள்ளி அலுவலகத்தில் சொல்லித் தீர வேண்டிய நிலை ஏற்படும். அதை இதுவரை யாரிடமும் சொல்லாமல் காத்துவந்த குடும்பங்கள் உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம்; கூட்டத்தில் அவர்கள் எழுந்து பேசமாட்டார்கள்.

மாதிரி எடுக்கப்படும் விதத்தைப் பெற்றோர் பலர் கற்பனை செய்து பார்ப்பதில்லை. ஒழுங்காகச் செய்வதானால், கழிப்பறைக் குழாய்களை மூடிவிடுவார்கள். தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலப்பார்கள், யாரும் தண்ணீரை அள்ளிக் கலக்காமலிருக்க. குப்பியின் பக்கவாட்டில் வெப்பநிலைக் காட்டி ஒட்டியிருக்கும். கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் அது 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கதவுக்கு வெளியே ஒருவர் நிற்பார். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டெகம்சே பள்ளி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நடைமுறையில், ஆசிரியர் ஒருவர் மூடிய கதவுக்கு வெளியே நின்று மாணவர் சிறுநீர் கழிக்கும் ஒலியைக் காதால் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பதே விதி. மாதவிலக்கு நாளில் பெயர் வந்த பதினான்கு வயதுப் பெண்ணையும், பதற்றத்தில் சிறுநீர் வராமல் மறுபடி மறுபடி தண்ணீர் குடிக்கவைக்கப்படும் பையனையும் நினைத்துப் பாருங்கள். கதவுக்கு வெளியே நின்ற அதே ஆசிரியர் மறுநாள் கணக்குப் பாடம் நடத்துவார். நண்பன் ஒருவன் மாத்திரைக்கு அடிமையாகிக்கொண்டிருக்கிறான் என்பதை அவரிடம் போய்ச் சொல்ல உங்கள் மகன் துணிவானா?

எனக்குள்ள எதிர்ப்பின் மையம் இதுதான். போதைப் பழக்கம் ஒரு பள்ளியில் முதலில் தெரிவது ஸ்ட்ரிப்பில் அன்று, பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை ஒரு பெரியவரிடம் வாய் திறந்தால்தான் நமக்குத் தகவல் வருகிறது. அந்த வாயை அடைக்கும் எந்த ஏற்பாடும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு கொண்டுவரப்பட்டாலும், பள்ளியின் பார்வையைக் குறைக்கவே செய்யும்.

இத்தகைய பரிசோதனை பலன் தருமா என்பது வெறும் கருத்துப் பூசல் அன்று. அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓரிகன் மாநிலத்து வெர்னோனியா பள்ளியில் கால்பந்து ஆட விரும்பிய ஏழாம் வகுப்பு மாணவனின் பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்ததால் எழுந்த வழக்கில், விளையாட்டு வீரர்களைச் சோதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நான் மேலே சொன்ன 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 5-4 என்ற குறுகிய பெரும்பான்மையில், பாடகர் குழு போன்ற பிற செயல்பாடுகளில் ஈடுபடுவோருக்கும் அதை விரித்தது. உங்கள் பள்ளி உத்தேசிப்பதுபோல எல்லா மாணவர்களையும் சோதிக்கலாம் என்று இவ்விரு தீர்ப்புகளும் சொல்லவில்லை. விரும்பிச் சேரும் செயல்பாடுகளோடு அவை நின்றன. இரண்டாம் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், இத்தகைய செயல்பாடுகளில் இருக்கும் மாணவர்களே போதையின் பக்கம் போக வாய்ப்புக் குறைந்தவர்கள், அவர்களைச் சோதிப்பது தேவையற்றவரின் அந்தரங்கத்தில் நுழைவதாகவும் ஆபத்தில் உள்ளவரை அத்தகைய செயல்பாடுகளிலிருந்து விலக்கிவைப்பதாகவும் முடியும் என்று சுட்டிக்காட்டினார். எப்படியிருந்தாலும் நீதிமன்றங்கள் முடிவு செய்தது இது அனுமதிக்கத் தக்கதா என்பதை மட்டுமே.

பலனைப் பற்றிய ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டது, சுமார் 76,000 மாணவர்களின் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. பரிசோதனை நடத்தும் பள்ளிகளுக்கும் நடத்தாத பள்ளிகளுக்கும் இடையே போதைப் பயன்பாட்டில் வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. 36 உயர்நிலைப் பள்ளிகளில் சில பரிசோதனையை உடனே தொடங்கவும், மற்றவை ஓராண்டு காத்திருக்கவும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. பரிசோதனைக்கு உட்பட்ட மாணவர்களில் 16 சதவீதத்தினரும், காத்திருந்த பள்ளிகளில் அதே நிலையிலிருந்த மாணவர்களில் 22 சதவீதத்தினரும், கடந்த முப்பது நாளில் போதைப்பொருள் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். இந்தக் குறைவை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன்; பயந்து மாணவர்கள் விளையாட்டிலிருந்து விலகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்காலத்தில் பயன்படுத்தும் எண்ணம் இரு தரப்பிலும் ஒரே அளவில் இருந்தது. அதே பள்ளிகளில் பரிசோதனைக்கு உட்படாத மற்ற மாணவர்களிடமும் எந்த மாற்றமும் இல்லை. ஓராண்டுக்குக் கையைக் கட்டிப்போட்டது, மனத்தை மாற்றவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2007இலும் பின்னர் 2015இலும் இந்தச் சான்றுகளைச் சீர்தூக்கி, பள்ளிகளில் குலுக்கல் பரிசோதனை கூடாது என்ற நிலைப்பாட்டையே எடுத்தது.

பரிசோதனையை ஆதரிப்போரின் வலுவான வாதம் ஒன்று உண்டு. நண்பர்கள் வற்புறுத்தும்போது, “நம் பள்ளியில் டெஸ்ட் எடுக்கிறார்கள், நான் வரவில்லை” என்று மானம் போகாமல் மறுக்க ஒரு சாக்குக் கிடைக்கிறது என்பது அது. வளரிளம் பருவத்தில் அத்தகைய சாக்கின் மதிப்பை நான் அறிவேன். ஆனால் அதே சாக்கை வீட்டிலிருந்தே தர முடியும். “என் அம்மா தெரிந்தால் விடமாட்டார், மூச்சை முகர்ந்து பார்ப்பார்” என்று உங்களைக் கொடுமைக்காரியாகச் சித்திரித்துத் தப்பித்துக்கொள்ள உங்கள் மகனுக்கு இப்போதே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தக் கடிதத்தை மறுபடியும் எடுத்து, பாசிட்டிவ் வந்த மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பள்ளிகள் அந்த இடத்தில் “தக்க நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. இடைநீக்கமோ வெளியேற்றமோதான் அந்த நடவடிக்கை என்றால், மேற்பார்வை மிகவும் தேவைப்படும் பிள்ளையை மேற்பார்வையே இல்லாத பகல் பொழுதுக்கு அனுப்புகிறோம். போதைப்பொருளைத் தொட்டுப் பார்க்கும் வளரிளம் பருவத்தினரில் பெரும்பாலோர் அடிமையாவதில்லை. யார் எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறாரோ அவருக்கு ஆபத்து அவ்வளவு கூடுதல் என்பதும் உண்மை. இவ்விரண்டும் நமக்குச் சொல்வது, தொடக்கத்தைத் தள்ளிப்போடவும், தொடங்கியவரை விரைவில் அணுகவும் வேண்டும் என்பதே. இவ்விரண்டுக்கும் பள்ளிக்குத் தேவை, பயிற்சி பெற்ற ஒரு கவுன்சலரும், அவரிடம் தானாக வந்து சொல்பவர் தண்டிக்கப்படமாட்டார் என்ற எழுத்துபூர்வமான விதியும். கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிடச் சொல்லுங்கள்.

மாணவர்களின் பழக்கத்தைக் கண்டறியச் சிறுநீர் தேவையில்லாத வழிகளும் உள்ளன. பன்னிரண்டு முதல் இருபத்தொரு வயதுவரை உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட ‘கிராஃப்ட்’ என்ற வினாத்தொகுப்பு அவற்றில் ஒன்று. போதையிலிருந்த ஒருவர் ஓட்டிய வண்டியில் சென்றிருக்கிறாயா, மனம் இளகுவதற்காகவோ மற்றவர்களோடு ஒட்டிக்கொள்வதற்காகவோ பயன்படுத்துகிறாயா, தனியாக இருக்கும்போது பயன்படுத்துகிறாயா, பயன்படுத்தும்போது செய்ததை மறந்துபோனதுண்டா, குறைத்துக்கொள்ளும்படி வீட்டாரோ நண்பர்களோ சொல்லியிருக்கிறார்களா, இதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறாயா என்ற ஆறு கேள்விகளே அதன் சாரம். பயிற்சி பெற்ற ஒருவர் தனியறையில், ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு கேட்டால், பிள்ளைகள் பெரும்பாலும் உண்மையே சொல்கிறார்கள். தனியாக இருக்கும்போது பயன்படுத்துகிறான் என்று தெரிந்தால் ஒரு மருத்துவருக்கு அது பாசிட்டிவ் முடிவைவிடப் பல மடங்கு பயனுள்ள தகவல்.

வகுப்பில் ஒரு மாணவன் தள்ளாடினால், நாக்குழறினால், எழுப்பியும் எழாமல் உறங்கினால், அது வேறு விஷயம். அது மருத்துவ அவசரம். தலைமை ஆசிரியர் அறையில் ஸ்ட்ரிப்பை நனைத்து நேரத்தைக் கழிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அங்கே பரிசோதனை அவசியம், மருத்துவமனையில் செய்வார்கள். அதேபோல் விற்பவரையும் பயன்படுத்துபவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பள்ளிக்குள் மாத்திரை எப்படி வந்தது என்ற விசாரணைக்குக் குலுக்கலில் எடுத்த சிறுநீரிலிருந்து விடை கிடைக்காது.

பெரும்பான்மையினர் ஆதரித்து இந்த ஏற்பாடு நிறைவேறிவிடவும் கூடும். அப்போது, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்படாத முடிவு பள்ளிக்கே தெரிவிக்கப்படக் கூடாது. உறுதியான முடிவையும் முதலில் ஒரு மருத்துவர் குடும்பத்தோடு பேச வேண்டும். அது மாணவரின் கோப்பில் ஏறக் கூடாது. மறுத்தவரைப் பாசிட்டிவாகக் கருதக் கூடாது. மாதிரி எடுப்பவர் அந்தப் பள்ளியின் ஆசிரியராக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளையாவது எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தில் மாணவர் கையெழுத்துக்கு இடமே இல்லை என்றால் அதையும் கேளுங்கள். கூட்டத்துக்கு முன் உங்கள் மகனிடம் அதைப் படிக்கக் கொடுத்து அவன் கருத்தைக் கேட்பதும் நல்லது. பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோரையும்விட அவனுக்குத்தான் தெரியும்.

கடைசியாக வீட்டுக் கிட். வாங்க வேண்டாம். மேலே சொன்ன குறைகள் அத்தனையும் அதற்கும் உண்டு. கூடவே, முடிவைப் படித்துப் பொருள் சொல்ல உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். நெகட்டிவ் வந்தால் பொய்யான நிம்மதி, பாசிட்டிவ் வந்தால் இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் சண்டை என்பதே நான் பெற்றோரிடமிருந்து கேட்கும் கதை. உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றிச் சந்தேகப்படும்படி ஒரு வரிகூட இல்லை. மதிப்பெண் திடீரெனச் சரிவது, பழைய நண்பர்களை மொத்தமாக விலக்குவது, வீட்டில் பணமோ மாத்திரையோ குறைவது, உறக்கம் தலைகீழாவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால், கிட்டை நாடாமல் அவனை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் முதலில் உங்களோடும், பிறகு உங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகவும் பேசுவார். அப்போது முகம் சுளிக்காமல் வெளியே காத்திருங்கள். பரிசோதனை வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், முடிவு யாருக்கெல்லாம் தெரிவிக்கப்படும் என்று அவனிடம் முன்கூட்டியே பேசி, அவன் ஒப்புதலோடு அவரே செய்வார்.